வெண்ணிலாவோட இடது பக்கம்

அந்தப் பையை மடியில வெச்சுக்கறீங்களா கண்ணு? நானும் இப்படி உக்காந்துக்கறேன். உள்ள இருக்கறது கம்ப்யூட்டருங்களா? ஏறும்போதே பாத்தேனுங்க. பின்னால சன்னலோரம் எடமிருந்துச்சு, கண்டக்டரு கூடக் கை காட்டுனாரு. உங்க பையைப் பாத்துப்போட்டுத்தான் இங்க வந்து உக்காந்தேன். மூடி மறைச்சுப் பேசி எனக்குப் பழக்கமில்லீங்க.

சரவணம்பட்டியில எறங்கறீங்களா? அங்கதான கம்ப்யூட்டர் கம்பெனியெல்லாம் இருக்குது. நல்லதாப் போச்சு. இப்பத்தான் சத்தியமங்கலத்தையே தாண்டறோம், நெறைய நேரமிருக்குது.

ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக்கூடாது. படம் திருத்தற சாஃப்ட்வேர்ல எதுங்க நல்லது? கல்யாணப் படம், காதுகுத்துப் படமெல்லாம் இல்லீங்க. கேமுல ஓடற பஸ்சுக்குத் தோலு மாத்தறதுக்கு.

பாத்தீங்களா, சிரிக்கறீங்க. சிரிங்க, பரவால்ல. எங்க ஊட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டே நெம்ப நாளாச்சு.

தோலுன்னா ஸ்கின்னுங்க. போன்ல பஸ் ஓட்டற கேமு இருக்குதில்ல, அதுல வர்ற பஸ்சு வெறும் வெள்ளையா இருக்கும். அதுக்கு நம்ம ஊரு பஸ்சோட கலரு, கோடு, பேரு எல்லாம் போட்டுக்கலாம். நானு தையக்காரிங்க, ஜாக்கெட் தைக்கறவ. ஜாக்கெட்டைத் தையல் பிரிச்சு விரிச்சுப் போட்டா முன்பக்கம் தனி, முதுகு தனி, கை தனின்னு கெடக்குமில்ல? அதே மாதிரி பஸ்சையும் விரிச்சு ஒரு படமாக் குடுக்கறாங்க. அது மேல கலரடிச்சு, எழுதி, திருப்பிக் கேமுக்குள்ள ஏத்துனா, அதுவே போயி வண்டி மேல போத்திக்குது. துணி வெட்டறவளுக்கு இது ஒரு பெரிய வேலையான்னு நெனச்சுத்தான் எறங்குனேன். எறங்குன பொறகுதான் தெரியுது, காலு தரையிலயே பாவ மாட்டேங்குது.

எனக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேப்பீங்க. சொல்றேன்.

எங்க ஊட்டுக்காரரு டிரைவருங்க. இந்த ரோட்லதான். வெண்ணிலான்னு ஒரு வண்டி ஓடும், நீங்களும் ஏறியிருப்பீங்க. மயில்கழுத்துக் கலரு, இடுப்புல மாம்பழ மஞ்சள்ல ஒரு கோடு. வெண்ணிலாங்கறது மொதலாளி மக பேரு. அந்தப் புள்ள கல்யாணமாகி வெளிநாடு போயிருச்சு, பஸ்சு மட்டும் இங்கயே கெடந்து கோயமுத்தூருக்கும் கோபிக்கும் போயிட்டு வந்துட்டிருந்துச்சு. இவரு ஓட்டுனா மடியில தூங்கற கொழந்தை கூட முழிக்காதும்பாங்க. நானு சொல்லலீங்க, ஏறுனவங்க சொன்னது.

போன ஐப்பசில ஒரு சங்கடமாயிருச்சு. நல்ல மழை. புளியம்பட்டி தாண்டி ஒரு வளைவு வரும், வரும்போது காட்டறேன். மொபெட்ல ஒரு ஆளு தக்காளிக் கூடை கட்டிட்டு வந்திருக்காரு. வளைவுல சறுக்கி, இடது பக்கமா வந்து வண்டி மேல மோதிட்டாரு. அவ்வளவுதான், போயிட்டாரு. ரோடெல்லாம் தக்காளியாக் கெடந்துச்சாம். இவரு மேல ஒரு தப்புமில்லீங்க. போலீசு சொல்லுச்சு, மொதலாளி சொன்னாரு, வண்டில இருந்த அத்தனை சனமும் சொல்லுச்சு. நானும் அன்னைக்கே சொல்லிப்போட்டேன். "இந்தப் பேச்சு இனி இந்த ஊட்டுல வேண்டாம். அந்த ஆளு தலையெழுத்து, வந்து விழுந்தாரு. நீங்க குளிச்சுப்போட்டு வந்து சாப்பிடுங்க"ன்னு. அப்படித்தானுங்க இருக்கோணும்? மொளையிலயே கிள்ளிப் போட்டாத்தான வெசனம் வளராது?

குளிச்சாரு. சாப்பிட்டாரு. மறுநா வேலைக்குப் போகல. அதுக்கு மறுநாளும் போகல. வாசல்ல சேரைப் போட்டு உக்காந்தவருதான்.

பேசறதில்லீங்க கண்ணு. கேட்டா "ம்". கேக்காட்டி அதுவுமில்ல. ரசம்னா அவருக்கு உசுரு, மூணு தடவை வாங்கிக் குடிப்பாரு. இப்ப கிண்ணத்தைத் தள்ளி வெச்சுப்போட்டு மோரு ஊத்திக்கறாரு. நாக்கு ருசி செத்துப்போச்சாட்டம் இருக்குது. புளியை மாத்திப் பாத்தேன், தக்காளியை எச்சாப் போட்டுப் பாத்தேன், ஒண்ணும் எடுபடல. டாக்டரு தூங்கறதுக்கு மாத்திரை குடுத்தாரு. தூங்கறாரு. எந்திரிச்சா மறுபடியும் சேரு. ஊட்டுல ஒரு ஆளு உசுரோட உக்காந்திருக்காரு, ஆனா நானு தனியாக் கெடக்கறேன். மெசினு சத்தம் நின்னா ஊடே மயானமாட்டம் இருக்குது. சில நாளு துணியே இல்லாம மெசினை மிதிச்சுட்டு உக்காந்திருப்பேன், சத்தத்துக்கோசரம்.

சுந்தரம்னு ஒருத்தரு, இவரோட கண்டக்டரு. ரெண்டு பேரும் அத்தனை ஒட்டு. அவருதான் ஒரு நாளு வந்து இவரு போன்ல அந்தக் கேமை ஏத்திக் குடுத்தாரு. "சும்மா ஓட்டிப் பாருங்கண்ணா, பொழுது போகும்"னாரு. இவரு வாங்குனாரு. ஓட்டுனாரு. நானு கதவு பக்கத்துல நின்னு பாத்தேன். கண்ணு, அவரு வலது காலு தரையில பிரேக்கு மிதிக்குதுங்க! போன்ல ஏது பிரேக்கு? காலு அதும்பாட்டுக்கு மிதிக்குது. நானு உள்ள போயி முந்தானையை வாயில வெச்சுட்டு அழுதேன். ஆளு திரும்பி வந்துருவாரு, வண்டி ஏறிருவாருன்னு நம்பிக்கை வந்துச்சு.

அப்பத்தான் இந்த ரோசனை தோணுச்சு. வெள்ளை வண்டியையே இப்படி ஓட்டறாரே, நம்ம வெண்ணிலாவா இருந்தா எப்படி ஓட்டுவாரு! சுந்தரத்துகிட்டச் சொன்னேன். அவரு மொகமே மாறிப்போச்சு. "வேண்டாங்க்கா, வெள்ளையாவே இருக்கட்டும், அண்ணன் அவரு பாட்டுக்கு ஓட்டட்டும்"னாரு. நல்ல மனுசன்தான், ஆனா இந்த மாதிரி விசயத்துல அவருக்கு அத்தனை விவரம் பத்தாது.

மொதல்ல போன்லயே ஒரு ஆப்பு. பொறந்தநாளுக்கு வாழ்த்துப் படம் பண்ணுவமில்ல, அது. அதுல பஸ்சு படத்தை வெட்டி ஒட்டி, மயில்கழுத்துக் கலரைத் தேடிப் பூசி, ஏத்திக் குடுத்தேன். பாத்தாரு. ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. "கலரு இது இல்ல"ன்னாரு.

கேட்டீங்களா? "கலரு இது இல்ல". எத்தனையோ நாளைக்கப்பறம் அவரு வாயில இருந்து வந்த மொத முழுப் பேச்சு அதுங்க. எனக்குச் சாமியே பேசுன மாதிரி இருந்துச்சு.

உட்டேனுங்களா நானு? அந்த ஆப்புல கலரைப் பொட்டு வெச்ச மாதிரி நாலஞ்சுதான் குடுக்கறாங்க. எங்க ஊரு ஃப்ளெக்ஸ் கடை ஜெகநாதன்கிட்டப் போனேன். கண்ணீர் அஞ்சலி, பூப்பு நன்னீராட்டு எல்லாம் அவருதான் அடிக்கறாரு. நூல்கண்டைக் கையில கொண்டு போயி கம்ப்யூட்டருகிட்டப் புடிச்சு, "இந்த மயில்கழுத்து, கழுத்துல பச்சை அடிக்கற மயிலு இல்ல, நீலம் அடிக்கற மயிலு"ன்னு பக்கத்துலயே நின்னு கலரு எடுத்தேன். அந்த சாஃப்ட்வேர்ல அடுக்கு அடுக்கா வேலை செய்யலாமாம். லேயருன்னாங்க. லைனிங் துணி மேல மேத்துணி வெக்கற மாதிரி. கோடு ஒரு அடுக்கு, பேரு ஒரு அடுக்கு. கோட்டை நகத்துனாப் பேரு நகராது. எத்தனை நல்ல விசயம்!

குடுத்தேன். "எழுத்து திரும்பியிருக்குது"ன்னாரு.

பாத்தா, ஆமாங்க. வலது பக்கம் நல்லாத்தான் இருக்குது, இடது பக்கம் கண்ணாடில பாத்த மாதிரி வெண்ணிலா திரும்பிக் கெடக்குறா. ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையும் ஒரே மடிப்புல வெட்டுனமாதிரி, அந்த வண்டிக்கு ரெண்டு பக்கமும் ஒரே துண்டாம். வேற மாடலு வண்டி தேடி, ரெண்டு பக்கமும் தனித்தனியா இருக்கறதாப் பாத்து, மறுபடியும் மொதல்ல இருந்து.

அடுத்தது, ஜெகநாதன் வாட்ஸப்புல அனுப்புன படம் மங்கிப்போயி, சன்னலெல்லாம் சுண்ணாம்பு பூசி அடைச்சாப்பல வந்துச்சு. "உள்ள ஆளு இருக்கறது தெரியல"ன்னாரு. சன்னலுக்கு ஓட்டை உட்டுச் சேமிக்கறதுக்கு வேற வகை இருக்குதாம், அது ஜெகநாதனோட பழைய சாஃப்ட்வேர்ல சரியா வரல. இலவசமா ஒண்ணு இருக்குதுன்னாங்க, அதை ஏத்துனோம். அதுல கலரு பிரமாதம், தமிழ் எழுத்து மட்டும் கொம்பு ஒரு பக்கம், காலு ஒரு பக்கம்னு சண்டை போட்டுட்டு நிக்குது.

இப்படியேதானுங்க. ஒண்ணு சரியானா ஒண்ணு கோணல். ஜெகநாதன் என்னையக் கண்டாலே கடையில ஆளில்லைன்னு சொல்லச் சொல்றாரு. ஆனா கண்ணு, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசமும் இருந்துச்சு. ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஒரு பேச்சு கெடைக்குது பாருங்க! குத்தம் சொல்றதுக்காச்சும் வாயைத் தொறக்கறாரே. குத்தம் சொல்லிப்போட்டு என்ன பண்ணுவாருன்னா, நானு பண்ணுனதை எடுத்துப்போட்டு மறுபடியும் வெள்ளை வண்டியை ஓட்டுவாரு.

அந்தக் கேமும் சரியில்லீங்க. நல்லா ஓடிட்டே இருக்கும், ஏதாச்சும் வளைவு வந்தா நின்னுரும். முன்னால ஒரு ஈ காக்கா இருக்காது. பின்னால வர்ற வண்டியெல்லாம் ஆரன் அடிக்குது. இவரு அப்படியே பாத்துட்டு நிக்கறாரு. அப்பறம் ஆரோ ரோட்டைத் தாண்டிப் போயி முடிச்ச மாதிரி மெதுவா எடுப்பாரு. ஒவ்வொரு வளைவுலயும். "கேமு மாட்டி மாட்டி நிக்குது, சரி பண்ணிக் குடுங்க"ன்னு சுந்தரத்துகிட்டச் சொன்னேன். அவரு டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டாரு.

இருங்க... இந்த வளைவுதானுங்க. இதா, இது. அந்தப் பக்கம் பாக்காதீங்க. நானும் பாக்கறதில்ல.

...

தாண்டிருச்சு. ஒண்ணுமில்ல பாருங்க, ரோடு ரோடாட்டந்தான் இருக்குது.

எங்க உட்டேன்? ஆங். இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். மொதலாளி ஆளு அனுப்பிப்போட்டாரு. வர்ற திங்கக்கெழமை சென்னியப்பன் வந்து வண்டியெடுத்தாச் சரி, இல்லாட்டி புது டிரைவரை நிரந்தரமாப் போட்டுருவேன்னு. சென்னியப்பன்ங்கறது இவருதான், பேரு சொல்லிப் பழக்கமில்ல. மொதலாளியும் எத்தனை நாளு பொறுப்பாரு? பாவம், அவரும் சாந்தி பூசை பண்ணி, வண்டிக்கு வேற கலரே அடிச்சுப்போட்டாரு. இப்ப வெண்ணிலா செவப்பு.

அதுனாலதான் எனக்கு இத்தனை சிரமம். பழைய வெண்ணிலாவைப் போயிப் படமெடுக்க முடியாது. எங்ககிட்ட இருக்கற படமெல்லாம் ஆயுத பூசைக்கு மாலை போட்டு முன்பக்கம் எடுத்தது. வலது பக்கம் கூட ஒண்ணு கெடைச்சுது. இடது பக்கம், படிக்கட்டு பக்கம், சுத்தமா இல்ல. கடைசீல சுந்தரம் போன்ல ஒண்ணு இருந்துச்சு. போலீசு ஸ்டேசன்ல நிறுத்தியிருந்தப்ப இன்சூரன்சுக்காக எடுத்தது. நல்ல வெயில்ல, நேரா நின்னு, அத்தனை தெளிவு! ஒவ்வொரு ஆணியும் தெரியுது. சுந்தரம் குடுக்க மாட்டேன்னுதான் சொன்னாரு. நானு அவரு சம்சாரத்துகிட்டப் பேசி வாங்கிட்டேன்.

அதை அப்படியே எடுத்து இடது பக்கத்துல போத்துனோம். கண்ணு, வெண்ணிலாவே வந்து நின்னா. கலரு சரி, எழுத்து சரி, சன்னலு சரி. முந்தாநேத்து காலைல காப்பியோட போனையும் கையில குடுத்தேன். "இந்தத் தடவை ஒரு குத்தம் சொல்லுங்க பாக்கலாம்"னு சிரிச்சுட்டேதான் குடுத்தேன்.

விரல்ல வண்டியைத் திருப்புனாரு. முன்பக்கம் பாத்தாரு. வலது பக்கம் பாத்தாரு. இடது பக்கம் வந்துச்சு. பின்சக்கரத்துக்கு மேல தகரம் உள்ள அமுங்கி ஒரு சொட்டை இருக்குதுங்க, அதுல நீளமா ஒரு கீறலு. படத்துல இருந்தது அப்படியே வந்துருச்சு. அந்த எடத்துல விரலை வெச்சாரு. வெச்ச விரலை எடுக்கவேயில்ல. "இது எங்க எடுத்தது?"ன்னாரு. ஸ்டேசன்லன்னேன். போனைக் கவுத்து வெச்சுப்போட்டு எந்திரிச்சுப் போயி பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டாரு. தண்ணி கொட்டற சத்தம் மட்டும் கேக்குது. நெம்ப நேரம். கதவைத் தட்டித் தட்டிக் கை வலிச்சுப்போச்சு. வெளிய வந்தவரு அப்ப இருந்து சோறு தண்ணி எடுக்கல. சேர்ல கூட உக்காரல. செவுத்தைப் பாத்துப் படுத்திருக்காரு.

ஒரு சொட்டைக்கோசரம்! நானு என்னங்க பண்ணுவேன்? எனக்குக் கெடைச்ச நல்ல படம் அது ஒண்ணுதான். ஜெகநாதன் சொன்னாரு, பெரிய சாஃப்ட்வேர்ல அந்த மாதிரி சொட்டையெல்லாம் தொடைச்சுரலாமாம். பக்கத்துல நல்லாருக்கற எடத்துல இருந்து கலரை எடுத்து அதும் மேல வெச்சுத் தேய்ச்சா, அங்க ஒண்ணு இருந்த தடமே தெரியாதாம். காந்திபுரத்துல ஸ்டுடியோக்காரரு ஒருத்தர்கிட்ட அது இருக்குதாம். அங்கதான் போறேன். பக்கத்து ஊட்டு அக்காவை உக்கார வெச்சுப்போட்டு வந்திருக்கேன், என்ன பண்ணிக்குவாரோன்னு பயமா இருக்குதுங்க. நெசமாலுமே பயமா இருக்குது. ராத்திரியெல்லாம் அவரு மூச்சு வருதான்னு மூக்குகிட்டக் கை வெச்சுப் பாக்கறேன்.

அதுதான் உங்களைக் கேக்கறேன். நீங்க இதெல்லாம் தெரிஞ்சவங்க. எந்த சாஃப்ட்வேருங்க சுத்தமாத் தொடைக்கும்? அவரு எப்படித் திருப்பித் திருப்பிப் பாத்தாலும் தெரியக்கூடாது. அந்தச் சொட்டை மட்டும் போயிட்டா எந்திரிச்சு உக்காருவாரு, திங்கக்கெழமை வண்டி எடுத்துருவாரு. எனக்கு நல்லாத் தெரியுங்க.

தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லுங்க.

இருங்க, போனு... அவருங்க! கண்ணு, அவரு கூப்புடறாருங்க!

அலோ? ஏனுங்... ஆமாங்க, பஸ்லதான். அன்னூரு தாண்டிப்போட்டேன்... கேக்குது, சொல்லுங்க... அதுக்குத்தானுங்க போறேன், அந்தச் சொட்டையத் தொடைச்சுப்போட்டு... ஏனுங்க?... வெள்ளையாவேவா?... பேரா? பேருதான் வெண்ணிலான்னு எழுதியிருக்குதே... ஆரு?... மாரப்பனா? மாரப்பன்னு நமக்கு ஆருங்க?...

...

ம்... ம்... சரிங்க. இல்லீங்க, தொடைக்கல. ஒண்ணும் பண்ணல. சரிங்க... ஏனுங்க, திங்கக்கெழமைக்கு மொதலாளி... அலோ? அலோ?

வெச்சுட்டாரு.

தக்காளிக்காரரு பேராமாங்க. மாரப்பன். வெள்ளை வண்டியாவே இருக்கட்டும், கண்ணாடிக்கு மேல வண்டிப் பேரு எழுதற எடத்துல மாரப்பன்னு எழுதிக் குடு, வேற ஒண்ணும் வேண்டாம்ங்கறாரு. குடுப்பியான்னு கேட்டாரு. என்னைய அவரு எப்பவும் எதுவும் கேட்டதில்லீங்க.

எங்க ஊட்டுல அந்த ஆளுன்னுதான் சொல்லுவோம். அதையும் நானு சொல்ல உடமாட்டேன். சேர்லயே உக்காந்திருந்த மனுசன், இந்தப் பேரை எப்ப, ஆருகிட்டக் கேட்டு வெச்சிருந்தாரோ தெரியல. இத்தனை நாளும் அந்தப் பேரோடதான் உக்காந்திருந்திருக்காரு. வாயைத் தொறந்தா அதுதான் வந்திருக்கும். நானு எங்க தொறக்க உட்டேன்.

அப்ப வண்டி ஏறமாட்டாருங்களா கண்ணு இனி? படிச்சவங்க நீங்க, சொல்லுங்க. ஏறமாட்டாரில்ல?... நீங்க எதுக்குங்க கண்ணைத் தொடைக்கறீங்க? தொடைக்காதீங்க. எனக்கே இன்னும் அழுகை வரல.

சரவணம்பட்டி வந்துருச்சு, எறங்கோணுமில்ல? பையை மறந்துராதீங்க. ஒரே ஒரு நிமிசம். இந்த போன்லயே அந்தப் பொறந்தநாள் ஆப்பு இருக்குது, மொதல்ல பண்ணுனமே, அது. அதுவே போதுமில்லீங்க? வெள்ளை மேல ஒரு பேரு எழுதறதுக்கு எந்த சாஃப்ட்வேரா இருந்தா என்ன?

கொஞ்சம் நகருங்க கண்ணு, நானும் உங்ககூடவே எறங்கிக்கறேன். திரும்பிப் போற பஸ்சு எதுத்தாப்பலதான நிக்கும்?